மூளை வளர்ச்சி என்னும் தொடர்

மூளை வளர்ச்சி என்னும் தொடர் தமிழ் வீடுகளில் நல்ல செய்தியாகக் காதில் விழுவதில்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை நாளிதழ்களும் அரசுப் படிவங்களும் நெடுங்காலம் ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்றும் எழுதிவந்தன. அதன் விளைவாக, வளர்ச்சி என்ற சொல் உடலோடு சேரும்போது தரும் நிறைவு, மூளையோடு சேரும்போது அச்சமாக மாறிவிடுகிறது. குழந்தையின் எடையைப் பார்க்க வேண்டும் என்று செவிலியர் சொன்னால் தாய் உடனே பிள்ளையைத் தராசில் வைக்கிறார். மூளை வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, தம் பிள்ளைக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று மறுக்கிறார். எல்லாக் குழந்தைகளுக்கும், ஒவ்வொரு நாளும், பல் முளைப்பதைப் போலவும் மயிர் வளர்வதைப் போலவும் இயல்பாக நடைபெறும் ஒன்றின் பெயர், தமிழில் ஒரு குறையின் பெயராகத் தேய்ந்துவிட்டது. குழந்தை மூளையைப் பற்றித் தாயும் மருத்துவரும் ஆசிரியரும் ஒருவருக்கொருவர் விளங்கப் பேசிக்கொள்ளும் மொழி ஒன்றை உருவாக்க எண்ணுவோர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

அத்தகைய மொழியின் தேவையை உணர ஒரு மலையை எடுத்துக்கொள்ளலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில், கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமாக இருக்கும் ஊர் வெள்ளிமலை. 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் எனப்பட்ட பரம்பரை நிலக்கிழார்களின் ஆளுகையில் இருந்தது. இன்று அது அடங்கியிருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்றுதான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது, அவர்களின் தாய்மொழி தமிழே, அவர்களின் மரபுக் கதையும் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தார்கள் என்றே சொல்கிறது. ஆகவே இங்கே எழும் சிக்கல், மத்திய இந்தியாவின் பல பழங்குடிப் பகுதிகளில் காணப்படுவதைப் போல, அரசு ஒரு மொழியும் மக்கள் வேறொரு மொழியும் பேசுவதால் எழுவதன்று. இருசாராரும் தமிழே பேசியும் ஒருவர் சொல் மற்றவருக்கு எட்டாமல் போவதால் எழுவது.

இம்மலையில் பிறக்கும் குழந்தை ஒன்று ஆறு வயதாவதற்குள் எத்தனை பேரின் பார்வைக்கு உட்படுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஊரார் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடியின் பணியாளர் எடையும் உயரமும் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார். கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி அட்டையை நிரப்புகிறார். தமிழகத்தில் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டும் பணியமர்த்தப்பட்டுள்ள ஆஷா பணியாளர், குழந்தையின் 3, 6, 9, 12, 15 ஆம் மாதங்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது 2018 இல் வந்த திட்டத்தின் ஏற்பாடு. 2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் குழந்தையைச் சோதிக்கிறது. பள்ளியில் சேர்ந்தபின் ஆசிரியர் ‘மெல்லக் கற்பவர்’ என்ற பட்டியலில் பெயரைச் சேர்க்கக்கூடும். இவர்கள் அனைவருக்கும் முன்பே குழந்தையைப் பார்த்தவர் பாட்டி. எல்லோரையும் விட அதிக நேரம் பார்த்தவரும் அவரே. ஆயினும் அவர் பார்த்ததை எழுதிக்கொள்ள எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை, பதிவேட்டில் எழுதப்பட்டதைப் பாட்டிக்கு எடுத்துச் சொல்லவும் எவரிடமும் சொல் இல்லை. இதனால் இழக்கப்படுவது மாதங்கள். குழந்தையின் மூளையைப் பொறுத்தவரை அதைவிட விலையுயர்ந்த பொருள் வேறில்லை.

அதற்கான காரணம் மூளை வளரும் முறையிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தையின் மூளை வளர்ந்தவரின் மூளை எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். இரண்டு வயது நிறையும்போது அது ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. நியூரான் எனப்படும் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை கருவிலேயே தோன்றிவிடுகின்றன. அவை தோன்றி, தமக்குரிய அடுக்குகளுக்கு நகர்ந்து செல்லும் காட்சியைக் காண உலக ஆய்வாளர்களுக்குச் சென்னை இன்று வழி திறந்திருக்கிறது: சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவளர்ச்சியின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்த மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைப் படமாக்கி, ‘தரணி’ என்ற பெயரில் முப்பரிமாணத் தொகுப்பாக 2024 டிசம்பரில் யாவருக்கும் திறந்து வைத்தது. பிறந்த பிறகு நடைபெறும் பெருவேலை, அந்த நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் உண்டாவதாகும். முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் தோன்றுவதாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் மதிப்பிடுகிறது. மூளை தேவைக்கு அதிகமாகவே இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, பயன்பட்டவற்றை வலுப்படுத்தி, பயன்படாதவற்றைக் கழித்துவிடுகிறது.

இதை விளக்க மேலை நூல்கள் மின்கம்பிகளையும் சாலைகளையும் உவமை சொல்கின்றன. கல்வராயன் மலையில் உள்ளவருக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. காட்டில் ஆள் நடந்தால் தடம் விழுகிறது. நாளும் நடந்தால் தடம் ஒற்றையடிப் பாதையாகிறது. ஒரு மழைக்காலம் நடக்காமல் விட்டால் புதர் மூடிவிடுகிறது. குழந்தையின் மூளையில் விழும் தடங்களும் இத்தகையவையே. பாதை வலுப்பெறுவதற்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு: அடிக்கடி பயன்படும் நரம்பிழையின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை படிகிறது, உறை படிந்த இழையில் செய்தி பல மடங்கு விரைந்து செல்கிறது. இணைப்புகள் கழிக்கப்படுவதை இழப்பென்று அஞ்ச வேண்டியதில்லை. எள் விதைத்தவர்கள் நெருங்கி முளைத்த செடியைக் கலைத்துவிட்டு நிற்கும் செடிக்கு இடம் தருவதைப் போன்றது அது. பார்வைக்குரிய பகுதியில் இந்தக் கழிப்பு முதலாண்டிலேயே தொடங்கிவிட, திட்டமிடுதல், பொறுத்திருத்தல், ஆசையை அடக்குதல் ஆகியவற்றை நடத்தும் முன்நெற்றிப் பகுதியில் இருபது வயதைத் தாண்டியும் அது தொடர்கிறது. ‘விவரம் தெரிந்த வயது’ என்று தமிழர் சொல்வது, அந்த முன்பகுதி தன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொண்ட வயதைத்தான்.

அறிவியலாளர்களுக்கு இவையெல்லாம் தெரிந்திருந்தும் பொதுமக்களிடம் சென்று சேரவில்லை என்ற கவலை அமெரிக்காவிலும் இருந்தது. 2003 இல் ஜாக் ஷோன்காஃப் என்ற குழந்தை மருத்துவரின் தலைமையில் அமைந்த அறிவியல் குழு, ஃபிரேம்வொர்க்ஸ் என்ற தகவல்தொடர்பு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து புதுமையான ஒன்றைச் செய்தது: மூளையைப் பற்றிய உண்மைகளைப் பலவகை உவமைகளில் வைத்துப் பொதுமக்களிடம் சொல்லிப் பார்த்து, எந்த உவமை பிழையின்றிப் புரிகிறது, எது தவறான பொருளுக்கு இட்டுச் செல்கிறது என்று சோதித்தது. மருந்தைச் சோதிப்பதைப் போலச் சொல்லையும் சோதிக்கலாம் என்பதே இந்த முயற்சியின் பெருமை. சோதனையில் தேறிய உவமைகளில் மூன்று புகழ்பெற்றன: மூளையை அடித்தளத்திலிருந்து எழும் கட்டடமாகக் காண்பது, குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையிலான உறவைப் பந்தாட்டத்தில் போடுவதும் திருப்புவதுமாகக் காண்பது, தாங்க முடியாத நீண்ட துயரை நச்சு அழுத்தம் என்று அழைப்பது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 2007 இல் தொடங்கிய குடும்ப நல முயற்சி ஒன்று இந்த உவமைகளை மருத்துவர், ஆசிரியர், நீதித்துறையினர், சமூகப் பணியாளர் என எல்லோருக்கும் பயிற்றுவித்து, ஒரே குழந்தையைப் பற்றி எல்லோரும் ஒரே சொல்லில் பேசும் நிலையை உண்டாக்க முயன்றது.

ஆல்பர்ட்டாவிலிருந்து கற்க வேண்டியது அந்த வழிமுறை. அங்கே தேறிய உவமைகளை அப்படியே தமிழில் பெயர்த்துவிட்டால் போதும் என்று கருதுவது அந்த வழிமுறைக்கே எதிரானது; ஏனெனில் அவை அந்நாட்டு மக்களின் காதுகளில் சோதிக்கப்பட்டவை. கட்டட உவமை தமிழில் சிக்கலின்றிப் பொருந்துகிறது, அஸ்திவாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டும் பொருந்துவதில்லை. பொருந்தாத இடங்களிலேதான் தமிழின் சொந்தக் கையிருப்பு எவ்வளவு என்பது தெரிகிறது.

பந்தைப் போடுவதும் திருப்புவதும் டென்னிஸ் ஆடுவோரின் வழக்கு. அதன் பொருள் எளியது: இரண்டு மாதக் குழந்தை ஒலியெழுப்புகிறது அல்லது பார்க்கிறது, பெரியவர் அதைக் கவனித்து விடையளிக்கிறார், குழந்தை மீண்டும் தொடுக்கிறது. இந்த மாறி மாறி நிகழும் ஊடாட்டம் மூளையின் மொழிப் பாதைகளையும் உறவுப் பாதைகளையும் வலுப்படுத்துகிறது. தாய் திடீரென முகத்தில் எந்த உணர்வும் காட்டாமல் இருந்தால் சில நொடிகளிலேயே கைக்குழந்தை கலங்குவதை, எட்வர்ட் டிரோனிக் 1970களில் செய்த ‘அசையா முகம்’ சோதனை காட்டியது. தமிழ் வீட்டில் இதே ஊடாட்டம் ‘ங்கா’ சொல்லுதல் என்று வழங்குகிறது. மடியில் கிடக்கும் குழந்தை ‘ங்கா’ என்றால் பாட்டியும் ‘ங்கா’ என்று திருப்பிச் சொல்லி, குழந்தை அடுத்ததைச் சொல்லும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பே இதில் உயிர்நிலை. இந்த ஊடாட்டம் முழுவதற்கும் ஒரு பெயர் வேண்டுமென்றால் பந்தாட்டத்தைவிட ‘எசப்பாட்டு’ நன்கு பொருந்தும்: ஒருவர் பாடி நிறுத்த, எதிரிருப்பவர் அதற்கு இசைந்து பாடி நிறுத்த, மீண்டும் முதலாமவர் தொடர்வது. பந்தாட்டத்தில் ஒருவர் தோற்க வேண்டும்; எசப்பாட்டில் இருவரும் சேர்ந்து பாட்டை நீட்டிக்கிறார்கள். கைப்பேசியில் பாடல் ஓடவிட்டுக் குழந்தையின் முன் வைப்பது ஏன் இதற்கு ஈடாகாது என்பதையும் இந்தச் சொல் தானே விளக்கிவிடுகிறது: அது பாடும், ஆனால் குழந்தையின் பாட்டைக் கேட்டு நிறுத்தாது.

மொழிக்காக மூளை எவ்வளவு முன்பே ஆயத்தமாகிறது என்பதற்கான சான்றில் இந்திய ஒலிகளுக்கும் பங்குண்டு. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரை இந்தியின் பல்லொலியையும் நாவளை ஒலியையும், அதாவது தமிழர் காதில் தகரமாகவும் டகரமாகவும் விழும் ஒலிகளின் வேறுபாட்டை, தெளிவாக உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. தம் வீட்டில் ஒலிக்காத வேறுபாட்டை மூளை விட்டுவிட்டது. முதல் சொல்லைச் சொல்லும் முன்பே குழந்தை தன் ஊர்த் தமிழின் ஒலிகளைத் தரம் பிரித்துவிடுகிறது என்பதால், காது கேட்கிறதா என்று பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. ‘ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும்’, ‘இவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்’ என்ற ஆறுதல் மொழிகள் செவித்திறன் குறைவை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடுகின்றன. இவை எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டாலும் பொதுமொழியில் இடம்பெறத் தகாதவை.

இடம்பெற வேண்டிய சொற்களில் முதன்மையானது ‘வேற்றுமுகம்’. ஆறு மாதம் வரை யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டு போன குழந்தை, ஏழு எட்டு மாதத்தில் புதியவரைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி அழுகிறது. ‘வேத்துமுகம் பாக்குது’ என்று வீட்டிலுள்ளோர் சிரித்துக்கொள்கிறார்கள். வளர்ச்சி உளவியல் இதைப் புதியோர் அச்சம் என்று பாடநூல்களில் வைத்திருக்கிறது. இதற்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன: தெரிந்த முகங்களை நினைவில் நிறுத்துவது, எதிரில் உள்ள முகம் அவற்றில் இல்லை என்று ஒப்பிடுவது, தன் பாதுகாப்பு யாரிடம் இருக்கிறது என்று முடிவு செய்வது. ஆகவே வேற்றுமுகம் பார்ப்பது கூச்ச குணத்தின் தொடக்கமன்று, நினைவும் பிணைப்பும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் அறிகுறி. ‘உங்கள் பிள்ளையின் மூளை வளர்ச்சி எப்படி இருக்கிறது’ என்ற கேள்விக்கு எந்தத் தாயும் விடை சொல்ல முடியாது. ‘வேத்துமுகம் பாக்கிறானா’ என்று கேட்டால் எந்த நாளில், யாரைக் கண்டு அழத் தொடங்கினான் என்பதுவரை சொல்லிவிடுவார்.

இத்தகைய சொற்கள் உதிரியாக மட்டும் இல்லை, வரிசையாகவும் தமிழில் இருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடியது தொடங்கித் தமிழில் நிலைபெற்ற பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்திருக்கிறது. நூல்களுக்கிடையே மாதக் கணக்கு சற்று வேறுபட்டாலும் ஒழுங்கு மாறுவதில்லை: ஐந்தாம் மாதத்தளவில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தளவில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டையொட்டி நடந்து வரும் வருகை, அதன்பின் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. கழுத்தும் முதுகும் உறுதிப்படுவது முதலில், இரு கைகளையும் உடலின் நடுக்கோட்டில் சேர்ப்பது அடுத்து, நடப்பது அதற்குப் பின் என்ற இந்த ஒழுங்கு, நரம்புகளின் மேல் மயலின் உறை தலையிலிருந்து காலை நோக்கிப் படிந்து செல்லும் ஒழுங்கோடு இசைந்து வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006 இல் வெளியிட்ட அளவின்படி, தனித்து நடக்கும் சராசரி வயது 12.1 மாதம், ஆனால் நலமான குழந்தை 8.2 மாதத்திலும் நடக்கலாம், 17.6 மாதத்திலும் நடக்கலாம். பிள்ளைத்தமிழ் ஒழுங்கைத் தருகிறது, அறிவியல் எவ்வளவு காலம் பொறுத்திருக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது என்ற எல்லையைத் தருகிறது. ஒன்றால் மட்டும் பயனில்லை.

அம்புலிப் பருவம் தனியாக நின்று பார்க்கத் தக்கது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு தாய் நிலவைச் சுட்டும்போது, குழந்தை முதலில் தாயின் விரலைப் பார்க்கிறது, பிறகு விரல் காட்டும் திசையை, பிறகு நிலவை, பிறகு தாயும் அதையே பார்க்கிறாரா என்று அவர் முகத்தை. இருவர் ஒரு பொருளைச் சேர்ந்து கவனிக்கும் இந்தத் திறனை இணைந்த கவனம் என்று உளவியல் அழைக்கிறது. சொற்களுக்குப் பொருள் ஏறுவது இந்தக் கவனத்தின் வழியாகத்தான். ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத, காட்டியதைத் திரும்பிப் பார்க்காத குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், ஆட்டிசம் என்னும் நிலையின் தொடக்க அறிகுறிகளில் அதுவும் ஒன்று. ‘நிலாவைக் காட்டினால் பார்க்கிறதா, தானே எதையாவது காட்டுகிறதா’ என்பது ஒரு மருத்துவக் கேள்வி. அது வெள்ளிமலைப் பால்வாடியில் எவரையும் அச்சுறுத்தாமல் கேட்கக்கூடிய கேள்வியும் ஆகும்.

இனி ‘நச்சு அழுத்தம்’. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தச் சொல்லை உவமையாகப் பயன்படுத்துவது கொடுமை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. நஞ்சு என்றால் அங்கே பல குழந்தைகளுக்குத் தந்தையின் சாவு என்றே பொருள். அந்நிகழ்வை ஒட்டித்தான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அறிவியல் இந்தச் சொல்லால் குறிப்பது இதுதான்: அச்சமோ துயரோ வரும்போது உடலில் கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் உயர்கின்றன, அருகில் ஆதரவான பெரியவர் இருந்தால் அவை விரைவில் தணிகின்றன, ஆதரவு இன்றித் துயர் நீடித்தால் உயர்ந்த நிலையிலேயே நின்று, நினைவுக்கும் உணர்வுக்கும் உரிய மூளைப் பகுதிகளின் வளர்ச்சியைப் பாதிக்கின்றன. துயரின் அளவு மட்டுமன்றி, துணை இருந்ததா என்பதும் விளைவை முடிவு செய்கிறது.

தமிழில் இதற்கு ‘ஏக்கம்’ என்று பெயர். தாய் ஊருக்குப் போனபின் உண்ணாமல் உறங்காமல் காய்ச்சலில் விழும் குழந்தையை ‘ஏங்கிப்போச்சு’ என்று பெரியோர் சொல்வர். ஏக்கம் என்ற சொல் நோயைச் சொல்லும்போதே காரணத்தையும் சொல்லிவிடுகிறது, யாருக்காக ஏங்குகிறது என்ற கேள்வியையும் எழுப்பிவிடுகிறது. நச்சு அழுத்தம் என்ற சொல்லாக்கத்தில் அந்த ஆளுக்கு இடமே இல்லை. மலையில் வேலை கிடைக்காத மாதங்களில் வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் கூலிவேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள், அல்லது உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அப்பிள்ளைகளுக்கெல்லாம் மூளைப் பாதிப்பு உறுதி என்று பேசுவது அறிவியலுமன்று, அறமுமன்று. பாட்டியோ விடுதிக் காப்பாளரோ சமையல் செய்யும் அம்மாவோ, நிலையான ஒரு பெரியவர் துணையிருந்தால் ஏக்கம் தணியும் என்பதே ஆய்வுகள் சொல்வது. ருமேனியாவின் அனாதை இல்லங்களிலிருந்த 136 சிறு குழந்தைகளைக் கொண்டு 2000 இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்ட குழந்தைகள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட அறிவிலும் பிணைப்பிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் மேலும் நன்கு தேறினார்கள்.

ஊர்ச் சொல் அறிவியலுக்குள் நுழைவது நடக்காத காரியமன்று. ஆங்கிலேயரின் ஆட்சியிலிருந்த கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், வயிறும் காலும் வீங்கித் தோல் உரியும் குழந்தைகளைப் பற்றித் தாய்மாரிடம் கேட்டு, கா மொழியில் அவர்கள் சொன்ன ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே 1935 இல் லான்செட் இதழில் எழுதினார். அடுத்த குழந்தை வந்ததால் இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. அதே கருத்தைத் தாங்கிய ‘சவலை’ என்ற சொல் தமிழில் தொன்றுதொட்டு வழங்குகிறது: அடுத்த கரு தரித்ததால் தாய்ப்பால் இழந்து மெலிந்த பிள்ளை சவலைப்பிள்ளை. கானாத் தாய்மாருக்குக் கிடைத்த செவி தமிழ்த் தாய்மாருக்குக் கிடைத்திருந்தால், உலக மருத்துவ அகராதியில் இன்று சவலை இருந்திருக்கும். சவலையால் வற்றுவது உடல் மட்டுமன்று. கிறிஸ்டஃபர் குசாவா குழுவினர் 2014 இல் காட்டியபடி, ஐந்து வயதையொட்டிக் குழந்தையின் உடல் நாளெல்லாம் செலவிடும் ஆற்றலில் 43 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலைப் பசி என்பது மூளையின் பசி என்று இதை வைத்துச் சொல்லலாம். 2022 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கு இதைவிட வலிய நியாயம் தேவையில்லை. உணவில் உப்பைப் பொறுத்தவரை பெருங்குறை காணப்பட்டது: கருவின் மூளைக்கு இன்றியமையாத அயோடின் போதிய அளவில் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில், 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு மிகப் பின்தங்கியிருந்தது.

பழஞ்சொல் எல்லாம் நற்சொல் என்று இதனால் கொள்ளலாகாது. ‘மாந்தம்’, ‘தோஷம்’, ‘கண்ணேறு’ ஆகியவை வலிப்பையும் மூச்சுத்திணறலையும் ஒரே மூட்டையில் கட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தை மந்திரிப்பவரிடம் கழிக்கச் செய்கின்றன. ‘ஐந்தில் வளையாதது’ என்ற பழமொழியும் குழந்தை மூளையைப் பற்றிய பேச்சில் தீங்கு செய்கிறது; ஐந்து வயதோடு கதவு மூடிவிடும் என்ற விரக்தியை அது ஊட்டுகிறது. பார்வையற்ற சிறாருக்குச் சிகிச்சையளிக்க நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா இந்தியாவில் நடத்திவரும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே கண்புரை இருந்து பத்து வயதுக்கு மேல் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளும் முழுமையாக இல்லாவிடினும் பயனுள்ள அளவுக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். முதல் ஆண்டுகள் மிகச் செழித்தவை, அவற்றுக்குப் பின்னும் மண் வறண்டுபோவதில்லை. 

சொல் மட்டும் இருந்து, சொல்ல ஆளில்லாவிட்டால் பயன் விளையாது. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே முன்பருவக் கல்வி அதன் பணிகளில் ஒன்றாக எழுதப்பட்டது. நடைமுறையில் பால்வாடி டீச்சரின் நேரம் சத்துமாவுக்கும் பதிவேட்டுக்கும் சென்றுவிடுகிறது. கணிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் தமிழகத்தில் 320 மையங்களில் செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, பாதி மையங்களுக்கு அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்து பார்த்தது: கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, பிள்ளைகளின் கணக்கும் மொழியும் உயர்ந்தன, வளர்ச்சி குன்றுதலும் குறைந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிராந்தம்-மெக்ரெகர் 1980களில் நடத்திய ஆய்வு இன்னும் நீண்ட கதை: உயர வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு ஊர்ப் பணியாளர்கள் வாரந்தோறும் சென்று, வீட்டுப் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் விளையாடப் பழக்கினார்கள், இருபது ஆண்டுகள் கழித்து அப்பிள்ளைகளின் வருவாய் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடியிருந்தது. அந்த வீடுகளுக்குப் போனவர்கள் மருத்துவர்கள் அல்லர், அவ்வூர்ப் பேச்சைப் பேசிய பெண்கள்.

வெள்ளிமலையிலும் மற்ற மலையூர்களிலும் பால்வாடி நடத்துவோரே, ஆஷா பணியாளர்களே, நீங்கள் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பாட்டிமார் குழந்தையைப் பற்றிச் சொல்லும் சொற்களை அவர்கள் வாயால் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எந்த மாதத்தில் சொல்லப்படும் என்பதையும், அந்த மாதம் தாண்டியும் அது நிகழாவிட்டால் ஊரார் என்ன செய்வார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையம் வழியே மலையேறி வரும் மருத்துவக் குழு அடுத்த முறை வரும்போது, எடைப் பதிவேட்டோடு அந்தக் குறிப்பேட்டையும் அவர்கள் முன் திறந்து வையுங்கள்.